வாசகர் கேள்வி பதில்: வயலோரப் புல்லும் அதை நம்பியிருக்கும் உயிர்களும்

காடு என்றால் காக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். புல் வளர்ந்த வெளியைக் கண்டால் மட்டும் "சும்மா கிடக்குது" என்று சொல்லிவிடுகிறோம். மன்னார்த் தரவை, மட்டக்களப்பு மேய்ச்சல் தரை, ஊவாப் பத்தனை, மகாவலி ஓரத்து வில்லு எனும் வெள்ளச் சமவெளி, கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புப் புல் எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான். ஆட்காட்டியும் வானம்பாடியும் கௌதாரியும் முயலும் அங்கேதான் குடியிருக்கின்றன. இம்முறை கமக்காரரும் ஆசிரியர்களும் மாணவரும் எழுதிய கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பதில்களில் "எப்போது" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான உதவிக்குப் பணம் தேவைப்படாது. வெட்டும் நாளையும் உழும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் சற்றுத் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் பாடசாலை மைதானத்தின் பின்மூலையில் புல்லை வெட்டாமல் விட்டால் சில்லைக் குருவிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. ஆனால் டெங்குப் பரிசோதனை என்றதும் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள். பெற்றோருக்குப் பாம்புப் பயமும் உண்டு. புல்லை வைத்திருக்க வழி உண்டா?
– ஆசிரியை, வெள்ளவத்தை

உண்டு. டெங்கு நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை. யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், அடைபட்ட பீலி, பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். வளர்ந்த நுளம்பு நிழலான, காற்றோட்டமில்லாத இடத்தில் ஒதுங்கும். எனவே வகுப்பறைச் சுவரை ஒட்டிய பற்றையை வைத்திருக்க வேண்டாம். நல்ல வெயில் படும், கட்டிடத்திலிருந்து 10 அல்லது 15 மீற்றர் தள்ளிய ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் போதும்.

அந்தச் சதுரத்தைச் சுற்றி 1 மீற்றர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள். இந்த ஓரப் பட்டையால் இரண்டு பயன். பாம்பு கடந்தால் பிள்ளைகளுக்குத் தெரியும். பார்ப்பவருக்கு இது கவனிக்காமல் விட்ட மூலையல்ல, திட்டமிட்டு வைத்திருக்கும் இடம் என்பதும் விளங்கும். இரண்டாவது பயனைச் சிறிதாக எண்ண வேண்டாம். பாடசாலைப் புல் பெரும்பாலும் அழிவது பார்வைக்கு அழுக்காகத் தெரிவதால்தான். நான்கு மூலையிலும் தடி நட்டுக் கயிறு கட்டி, ஒரு பலகையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருமுன் நீங்களே அவரை அழைத்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் கையுறை போட்ட இரண்டு மாணவர் உள்ளே தண்ணீர் தேங்கக்கூடிய பொருள் கிடக்கிறதா என்று பார்த்து ஒரு கொப்பியில் பதிய வேண்டும். அந்தக் கொப்பி இருந்தால் பேச்சு இலகுவாகும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடிகள் குழு உங்கள் பாடசாலையில் இருந்தால் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம்.

வெட்டவே கூடாது என்பதில்லை. ஒருபோதும் வெட்டாத புல்வெளி இரண்டு மூன்று வருடத்தில் பற்றையாகிவிடும். சதுரத்தை மூன்று பட்டையாகப் பிரித்து, இரண்டு மாதத்துக்கு ஒரு பட்டையை வெட்டுங்கள். அப்படியானால் ஒவ்வொரு பட்டைக்கும் ஆறு மாத ஓய்வு கிடைக்கும், எந்த நேரத்திலும் இரண்டு பட்டை நிற்கும். நிலத்தோடு வழிக்காமல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் அள்ளிவிடுங்கள். அது அழுகி மண்ணை உரமாக்கினால் முரட்டுப் புல் முந்திக்கொண்டு மற்றவற்றை நெருக்கிவிடும். வெட்டு இயந்திரத்தைக் கொண்டுபோகுமுன் ஒருவர் நீண்ட தடியால் புல்லை மெல்ல விலக்கிக்கொண்டு நடந்து கூடு, முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விதை வாங்க வேண்டியதில்லை. அறுகும் ஒட்டுப்புல்லும் தொட்டாற்சுருங்கியும் தாமாகவே வரும். கினிப்புல்லை மட்டும் விடாதீர்கள். பூக்குமுன் வேரோடு கிண்டி எடுக்காவிட்டால் சதுரம் முழுவதையும் அதுவே பிடித்துவிடும்.

பாம்பு பற்றி: பாம்பை வரவழைப்பது எலி, எலியை வரவழைப்பது மதிய உணவு மிச்சம். குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள், உடைந்த கதிரைகளையும் கல்குவியலையும் அகற்றுங்கள். உள்ளே போகும் பிள்ளைகள் மூடிய சப்பாத்து அணிய வேண்டும். பாம்பு நின்றால் அடிக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். யாரையேனும் கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேட்டு நிலத்தில் உழுந்து போட உழ வேண்டும். நடுவில் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது. உழவு மெசினை நிறுத்தி வைக்க முடியாது. என்ன செய்யலாம்?
– கமக்காரர், முருங்கன்

மெசினை நிறுத்த வேண்டாம், கூட்டைச் சுற்றி 4 மீற்றருக்கு 4 மீற்றர் மட்டும் உழாமல் விடுங்கள். 16 சதுர மீற்றர் என்பது ஒரு ஏக்கரில் 0.4 வீதம். கூட்டைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைப்பது அநேகமாகப் பலிக்காது, பறவை கைவிட்டுவிடும்.

அடையாளம் வைப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கூட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் துணி கட்டிய தடியை நட்டால் காகம் அதைப் பார்த்து இறங்கும். உழவு போகும் திசையில் கூட்டுக்கு முன்னால் 2 மீற்றரிலும் பின்னால் 2 மீற்றரிலும் இரண்டு மெல்லிய தடி ஊன்றுங்கள். சாரதி தடியைக் கண்டதும் கலப்பையைத் தூக்கி, மற்றத் தடியில் இறக்க வேண்டும். சாரதி வாடகைக்கு வருபவரானால் வேலை தொடங்குமுன் கூட்டிப்போய்க் காட்டுங்கள், சொன்னால் மட்டும் போதாது. அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் கால்தடத்தை நாயும் கீரியும் தொடரும்.

ஆட்காட்டி பெரும்பாலும் 4 முட்டை இடும், ஏறத்தாழ 4 வாரம் அடைகாக்கும். கடும் வெயிலில் தாய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். அந்த நேரத்தில் ஆள் பக்கத்தில் நின்று அதை விரட்டினால் முட்டை வெந்துபோகும். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்துவிடும் என்பதால் நீங்கள் காக்க வேண்டியது அந்த 4 வாரம்தான். வானம்பாடியும் வயல் நெட்டைக்காலியும் இரண்டு வாரமளவில் பொரித்துவிடும். ஆனால் அவற்றின் குஞ்சு கூட்டிலேயே கிடக்கும், ஆகவே இன்னும் 10 நாளுக்கு மேல் விட வேண்டும். வானம்பாடிக் கூடு மாட்டுக் குளம்படிப் பள்ளத்தில்கூட இருக்கும், நின்று பார்த்தாலும் கண்ணில் படாது. பறவை எந்த இடத்திலிருந்து எழும்புகிறது என்று தூரத்தில் நின்று பார்ப்பதுதான் வழி.

தீவனப் புல் வெட்டுபவர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு திருத்தம். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டும் வழக்கத்தை விடுங்கள். குஞ்சும் முயல்குட்டியும் வெட்டாத புல்லுக்குள்ளே பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் நடுவில் எஞ்சும் திட்டில் சிக்கி வெட்டுப்படும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி வெட்டினால் அவை ஓரத்துக்கு ஓடித் தப்பும். ஐரோப்பாவில் கோர்ன்கிரேக் என்ற புல்வெளிப் பறவைக்காக இந்த முறையைக் கமக்காரர் கைக்கொண்டபோது குஞ்சுச் சாவு தெளிவாகக் குறைந்தது. கடைசி இரண்டு மூன்று சுற்றில் வேகத்தைக் குறையுங்கள். ஆபத்துச் சத்தம் கேட்டால் குஞ்சு ஓடாமல் அசையாது படுத்துவிடும். அதை ஓடவைக்க ஒருவர் முன்னால் நடக்க வேண்டும்.

எலித் தொல்லைக்குக் கூகைப் பெட்டி வைக்கச் சொல்கிறார்கள். அளவு, உயரம் எல்லாம் சொல்ல முடியுமா? உண்மையில் எலி ஒழியுமா?
– கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர், அக்கரைப்பற்று

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஒழியாது, குறையும். ஒரு கூகை இரவுக்கு 3 அல்லது 4 எலி பிடிக்கும். குஞ்சு இருக்கும் மாதங்களில் அதைவிடக் கூடும். ஆனால் எலி பெருகும் வேகம் பெரிது, முழுதாக வளர்ந்த பெருச்சாளி கூகைக்குத் தூக்க முடியாத பாரம். ஆகவே பெட்டியோடு வேறு இரண்டு வேலையும் சேர வேண்டும், கடைசியில் சொல்கிறோம்.

பெட்டி: 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள, தண்ணீரைத் தாங்கும் பலகை. தரை 60 சென்ரிமீற்றருக்கு 40, உயரம் 65. வாசல் 13 சென்ரிமீற்றர் சதுரம். அதன் கீழ் விளிம்பு உள்தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் மேலே இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிகளில் வாசல் தாழ்வாக இருப்பதைக் காணலாம். குஞ்சு பசியில் எட்டிப் பார்த்து விழுவது இதனால்தான், விழுந்த குஞ்சை நாய் விடாது. வாசலுக்கு வெளியே ஒரு சாண் அகலத்தில் தட்டு ஒன்று பொருத்துங்கள். பக்கச் சுவரின் மேற்புறத்தில் 1 சென்ரிமீற்றர் துளைகள் நாலைந்து வேண்டும். நமது வெயிலுக்கு ஒற்றைக் கூரை போதாது. 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு மேலே கிடுகோ இன்னொரு பலகையோ போடாவிட்டால் பங்குனி, சித்திரையில் உள்ளே குஞ்சு வெந்துவிடும். தரையில் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மரச்சீவல் பரப்புங்கள். கூகை கூடு கட்டுவதில்லை. வெறும் பலகையில் முட்டை உருளும்.

கம்பம் 4 முதல் 5 மீற்றர். இரும்புக் குழாயானால் நல்லது. நடுவில் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தகரம் சுற்றினால் மரநாயும் பாம்பும் ஏறாது. வாசல் வாடைக்காற்று மழைக்கு முதுகு காட்ட வேண்டும், வீதியை நோக்கவும் கூடாது. வீதியைக் குறுக்கே பறக்கும் கூகை வாகனத்தில் அடிபடும். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டயருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. நீங்களும் அப்படியே தொடங்கலாம். ஒரு போகத்துக்குள் வரவில்லை என்று கழற்றிவிடாதீர்கள், குடிவர ஒரு வருடமும் ஆகலாம். முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். எல்லாம் வெளியேறிய பின் வருடத்துக்கு ஒருமுறை வாயை மூடிக்கட்டிக்கொண்டு பெட்டியைத் துப்புரவாக்குங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு புரோடிபாக்கூம், புரோமடியோலோன், புளோகூமாபென் சேர்ந்த எலிமருந்து வைத்தால் எல்லாம் வீண். அந்த எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், அதுதான் கூகைக்கு இலேசான இரை. நஞ்சு எலியின் ஈரலில் தங்கி, தின்ற கூகையின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். மலேசியாவில் இத்தகைய மருந்து வந்த தோட்டங்களில் கூகை குறைந்தது பதிவாகியிருக்கிறது. பெட்டி வைக்கும் வயல்வெளி முழுவதும் இம்மருந்தை நிறுத்த அமைப்பில் தீர்மானம் எடுத்த பிறகே பெட்டிக்குப் பலகை வாங்குங்கள். நரிக்கும் சாரைக்கும் இதே ஆபத்துத்தான்.

இனி அந்த இரண்டு வேலை. ஒன்று, வெளி முழுவதும் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடிப்பது. நெல் குடலைப் பருவத்துக்கு, அதாவது கதிர் உள்ளே உருவாகும் பருவத்துக்கு, வரும்போதே எலி குட்டி போடத் தொடங்கும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி விதைத்தால் எலிக்கு அந்தக் காலம் நீண்டுவிடும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தேதியைக் கட்டாயமாக்குங்கள். மற்றது பொறிப்பயிர். 20 மீற்றருக்கு 20 மீற்றர் துண்டில் மூன்று வாரம் முந்தி நெல் போட்டு, சுற்றிவரப் பொலித்தீன் வேலி அடித்து, வேலியில் விட்ட ஓட்டைகளில் கூட்டுப்பொறி வையுங்கள். முதலில் பச்சை வைக்கும் பயிருக்குச் சுற்றுவட்டாரத்து எலி வரும். இப்படி ஒன்று 10 முதல் 15 ஹெக்டயர் வரை காக்கும் என்பது தென்கிழக்காசிய நெல் நாடுகளின் அனுபவம். தினமும் காலையில் பொறியைப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டு நாள் விட்டால் செத்த எலி நாற்றத்தில் மற்றது வராது, பொறியில் சிக்கிய தவளையும் பறவையும் சாகும்.

பாடசாலைக்கு இதில் நல்ல வேலை உண்டு. கூகை எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைக் கையுறையோடு பொறுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி 160 பாகை சூட்டில் 40 நிமிடம் போறணையில் வைத்து, பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். மண்டையோட்டை எண்ணினால் எத்தனை எலி, எத்தனை மூஞ்சூறு என்று பிள்ளைகளே சொல்வார்கள். "சாக்குருவி வந்தால் சாவு வரும்" என்று பயப்படும் வீட்டுக்கு அந்தக் கணக்கை எடுத்துப்போகட்டும்.

வரம்பில் புல்லை வளரவிட்டால் எலி பெருகும் என்கிறார்கள். பறவைக்குப் புல் வேண்டும் என்கிறீர்கள். எது சரி?
– கிளிநொச்சி வாசகர்

இரண்டும் சரி, இடம்தான் வேறு. வயலுக்குள் ஓடும் சிறு வரம்பு 30 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமோ உயரமோ இருந்தால் எலி வளை தோண்டும். அதை ஒடுக்கமாகவும் புல்லை ஒட்டவும் வையுங்கள். களைநாசினி அடித்து வெறும் மண்ணாக்கினால் முதல் மழைக்கே வரம்பு கரையும், வெட்டுவதே நல்லது. உயர்ந்த புல்லுக்கு வெளியின் ஓரத்தில் ஒரே துண்டாக இடம் ஒதுக்குங்கள்.

பழைய குளக் கிராமங்கள் இதை அறிந்திருந்தன. குளத்துக்கு மேற்புறம் மரவரிசையோடு சேர்த்து வண்டலை வடிக்கும் புற்பட்டை ஒன்றை விட்டார்கள். சிங்களத்தில் 'பெரஹன' என்பார்கள். வயல்வெளியின் ஒரு பக்கத்தில் பறவைக்கென்றே விட்ட நெல்லுக்கு 'குருலு பாலுவ' என்று பெயர். தொடர்குளக் கிராம முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. நட்டத்தைக் கணக்கிடுவோம். ஏக்கருக்கு 80 புசல் விளையும் வயலில் 100 சதுர மீற்றர் விட்டால் போவது 2 புசல். இதை ஒருவர் மட்டும் தாங்காமல் வெளி முழுவதும் பங்கிட்டால் ஆளுக்குச் சில கொத்துத்தான்.

அந்தத் துண்டில் மருந்தடிக்க வேண்டாம். சில்லையும் தூக்கணாங்குருவியும் நெல்லைத் தின்பது உண்மை, பால் பிடிக்கும் பருவத்தில் நட்டம் கூடும். ஆனால் தூக்கணாங்குருவி குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். பறவைத் துண்டில் ஒரு வாரம் முந்தி விதைத்தால் அங்கே முதலில் கதிர் வரும், கூட்டமும் அங்கேயே இறங்கும்.

மருந்து பற்றி ஒரு சொல். விதைத்து முதல் 40 நாளுக்கு இலை சுருட்டிக்கென்று பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். அந்த வயதில் நெல் புது இலை விட்டு ஈடுசெய்துவிடும். அடித்தால் சிலந்தியும் குளவியும் முதலில் சாகும், பிறகு நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தி தடையின்றிப் பெருகும். சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கேட்குமுன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தைக் கேளுங்கள்.

கரிச்சானும் மைனாவும் உட்கார வயலில் தடி ஊன்றலாமா?
– வவுனியா மாணவி

ஊன்றலாம். பயிரை விட ஒன்றரை முழம் உயரமாக, 'ட' எழுத்தைக் கவிழ்த்தது போலக் குறுக்குத் தடி கட்டி, ஏக்கருக்கு 10 முதல் 15. கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதே தடியில் சில்லைகள் வரிசையாக உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு பத்தனையில் 500 மரக்கன்று நட இருக்கிறோம். எந்த மரம் நல்லது?
– அதிபர், பண்டாரவளைப் பக்கம்

தயவுசெய்து பத்தனையின் நடுவில் நட வேண்டாம். ஊவாவின் உலர் பத்தனை அழிந்த காடு மட்டுமல்ல. மானாப்புல்லும் அதற்கேற்ற உயிர்களும் தமக்கென அமைத்துக்கொண்ட வாழிடமும்கூட. வண்ணக் கௌதாரி இலங்கையில் வாழ்வது இந்தக் கிழக்குச் சரிவுப் புல்லில்தான். கடந்த நூற்றாண்டில் பத்தனைகளில் பைன் நட்டார்கள். எண்ணெய்ப் பிடிப்புள்ள ஊசியிலை சருகாகித் தடிப்பாகப் படிந்தது, அடியில் புல்லும் குறைந்தது, தீ பிடித்தால் நிறுத்துவது கடினமாயிற்று.

500 கன்றுக்கும் இடம் இருக்கிறது. ஓடைக்கரை, ஊற்றுக்கண்ணைச் சுற்றிய பள்ளம், வீதி வெட்டியதால் சரியும் மண், பாடசாலை வளவு. புல்லுக்குள் மரம் வேண்டுமென்றால் தீயையும் வறட்சியையும் தாங்கும் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை ஆகியவற்றை 20 மீற்றருக்கு ஒன்றாக மட்டும். நில்கல, பிபிலைப் பக்கத்துப் புல்வெளிகளில் இவை அப்படித்தான் நிற்கின்றன. திரிபலாவின் மூன்று காயும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை தீக்கோடு வெட்டுவது. புதுப்புல் வர வேண்டுமென்று மாடு வைத்திருப்போர் வைக்கும் தீ ஆனி முதல் புரட்டாதி வரை காற்றோடு ஓடும். கௌதாரி முட்டை வேகும், பின் வரும் மழை வெறும் மண்ணை அள்ளிப்போகும். வைகாசிக்குள் பாதையோரமாக 3 மீற்றர் அகலத்துக்குப் புல்லை வெட்டி அள்ளுங்கள். வெட்டிய புல்லை மாட்டுக்காரரே எடுத்துப்போகட்டும். தீ வைக்கும் தேவையும் அந்த அளவுக்குக் குறையும்.

பறவை எண்ணுகிறோம், ஆனால் அது யாருக்கும் பயன்படுமா என்று தெரியவில்லை.
– உயர்தர மாணவன், தெஹிவளை

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முறை என்றால் பயன்படும். தலங்கமவிலோ அத்திடியவிலோ 200 மீற்றர் நேர்ப்பாதை ஒன்றைத் தெரிவு செய்து இரண்டு முனையிலும் அடையாளம் வையுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை காலை 6.30க்குத் தொடங்கி 20 நிமிடத்தில் நடந்து முடியுங்கள். இரு பக்கமும் 50 மீற்றருக்குள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். முன்னால் பறந்து போய் மீண்டும் உட்காரும் கூட்டத்தை இரண்டாம் முறை எண்ண வேண்டாம். ஒன்றும் இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். பலர் விடும் பிழை இதுதான். அருமையான பறவை கண்ட நாளை மட்டும் பதிந்தால் அது கூடுகிறதா குறைகிறதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பாதையில் 10 இடத்தில் புல்லின் உயரத்தை அளந்து எழுதினால் பறவையையும் புல்லையும் சேர்த்துப் பார்க்கலாம்.

40 பேர் ஒன்றாகப் போகாமல் ஐந்து ஐந்து பேராகப் போங்கள். கைத்தொலைபேசியில் பறவைச் சத்தம் போட்டு அழைக்க வேண்டாம். அடைகாக்கும் பறவை எதிரி வந்ததென்று எழும்பிவிடும். பதிவை, பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையத்தளத்தில் முழுப் பட்டியலாக ஏற்றுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இயங்கும் பறவையியல் குழுவும், தெஹிவளை மிருகக்காட்சிசாலையை மையமாகக் கொண்ட இளம் விலங்கியலாளர் சங்கமும் உங்கள் வயதினருக்குக் கற்றுத்தருகின்றன.

அத்திடியவில் தகப்பனார் விட்ட வயல் 20 வருடமாகப் பாழ். மீண்டும் விதைத்தால் பறவைகள் போய்விடுமா?
– வாசகர், கல்கிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்தால் போகும். அருகிலேயே 1990இல் சரணாலயமான 372 ஹெக்டயர் பெல்லன்வில அத்திடிய இருக்கிறது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இத்தகைய இடங்களால்தான். உங்கள் வயல் அதற்கு நீட்சி. முதலில் எல்லை சரணாலயத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள், கமநல சேவை நிலையத்திலும் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. விதைப்பது அப்படியல்ல.

முதல் வருடம் பாதிதான். கால்வாயிலிருந்து தூரமான பக்கத்தில் தொடங்கிக் கால்வாயை நோக்கி வெட்டுங்கள், உயிர்களுக்கு அந்தப் பக்கம் வழி இருக்கும். கால்வாய் ஓரத்தில் 3 மீற்றர் புல்லையும் சம்பையும் நிரந்தரமாக விடுங்கள். மீன்பிடிப் பூனை இரவில் நடமாடுவது அந்த மறைவில்தான். அங்கே கண்ணி வைக்க எவரையும் விடாதீர்கள். வெட்டியதை எரிக்க வேண்டாம். அடிமண் அழுகிய தாவரக் கரிமண்ணானால் மேலே அணைந்த தீ கீழே நாட்கணக்கில் புகையும். வடிகாலை ஆழமாகத் தோண்டுவதுதான் பெரிய பிழை. சில சதுப்பு மண் காற்றுப் பட்டதும் அமிலமாகும். பிறகு தண்ணீர் கட்டினால் இரும்பு கரைந்து நெல்லின் கீழிலை செம்பழுப்பாகி வளர்ச்சி நின்றுவிடும். 30 சென்ரிமீற்றர் ஆழம் போதும். தைரியமாகப் பிடுங்க வேண்டியது சதுப்பில் பரவும் காட்டு அன்னமுன்னா. அதன் பழம் மிதந்து போய் அயல் வயலிலும் முளைக்கும்.

தரவையில் மாடு மேய்ப்பது பறவைக்குக் கெடுதலா?
– பண்ணையாளர், கிரான்

மேய்ச்சல் இல்லாவிட்டால் தரவை பற்றையாகும், அளவு மீறினால் தூசியாகும். புல் 10 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் மந்தையை அடுத்த துண்டுக்கு மாற்றி, மாரியில் 4 முதல் 6 வாரம் ஓய்வு கொடுங்கள். கோடையில் புல் அவ்வளவு சீக்கிரம் எழும்பாது, ஓய்வை நீட்ட வேண்டும். ஐவர்மெக்ரின் என்ற புழுமருந்து போட்ட மாட்டை முதல் சில நாள் பட்டியிலேயே கட்டுங்கள். மருந்து சாணத்தில் இறங்கிச் சாணவண்டின் புழுவைக் கொல்லும். வண்டில்லாவிட்டால் சாணம் மண்ணுக்குள் போகாது, உண்ணிக்கொக்குக்கும் ஆட்காட்டிக்கும் இரை குறையும். மந்தையோடு போகும் நாயைக் கூடு வைக்கும் மாதங்களில் கட்டி வையுங்கள், பறவைக்கு மாட்டுக் குளம்பைவிட நாயால்தான் நட்டம் அதிகம். குளத்தோரம் முள்ளுள்ள பெரிய தொட்டாற்சுருங்கியைக் கண்டால் காய்க்குமுன் வேரோடு பிடுங்குங்கள். அதன் காய் தண்ணீரில் மிதந்து பரவும், விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

யானைக்கு மின்வேலி போட்டும் வயலுக்குள் வருகிறது. வேலியில் என்ன பிழை?
– கமக்காரர், செட்டிகுளம்

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்னை நிலத்துக்கு இறக்கியிருக்கும். தூண் யானையின் பக்கம் வெளியே தெரிந்தால் அது தூணைத் தள்ளிவிடும், கம்பி முன்னால் நீட்டி நிற்க வேண்டும். அல்லது வேலியைப் பார்க்க ஆள் இல்லை. வேலியில் 5000 வோல்ட்டுக்குக் குறையாத துடிப்பு இருக்கிறதா என்று மாலை தோறும் மானியால் பாருங்கள். கீழே ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லை வெட்டுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். அதில் யானை மட்டுமல்ல, விடியப் புறப்பட்ட அயல்வீட்டுக்காரரும் செத்திருக்கிறார்கள்.

கல்கமுவப் பக்கத்தில் வெற்றி கண்ட முறை போகவேலி. விதைத்ததும் வயலைச் சுற்றிப் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். காவலும் பராமரிப்பும் கமக்காரர் கையில். வேலி கழன்ற பிறகு யானை தாளடியிலும் குளத்தடிப் புல்லிலும் மேயும். காட்டு எல்லையில் போட்ட நிரந்தர வேலிக்கு இரு பக்கமும் யானை நிற்கும், அதைப் பராமரிப்பவர் ஊரிலிருந்து தூரம். உங்கள் வேலி அப்படிப்பட்டதானால் அடுத்த போகத்துக்கு முன் வயலோரத்துக்கு மாற்றுவது பற்றிப் பிரதேச செயலகத்தில் கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுத்தில் கேளுங்கள். கழற்றும் தேதியையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.